தூத்துக்குடிக் கடற்கரையும் மின்சேமிப்புக் கொள்கையும்

முன்னுரை

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் உழவர் வழங்கும் பழமொழி. களத்தில் தூற்றிய நெல் குதிருக்குச் செல்லும். வேண்டும்போது குதிரிலிருந்து வெளிவரும். ஆனால் காற்றாலை தரும் மின்சாரத்திற்குக் குதிர் இல்லை. பிறந்த நொடியிலேயே அது செலவாக வேண்டும். இன்றேல் ஆலையை நிறுத்த வேண்டும். இக்குறையைப் போக்க வந்தவையே பேட்டரி எனப் பொதுவாக வழங்கும் மின்கலங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி அமைக்கும் பெருஞ்சேமிப்பு நிலையங்கள். அவை 2025ஆம் ஆண்டின் ஒப்பந்தங்கள் வாயிலாகத் தூத்துக்குடி மாவட்டத்திற்கும் வந்துள்ளன.

இவற்றை அறிவியல் வளர்ச்சியின் விளைவாக மட்டும் காண்பது ஒரு பார்வை. அரசின் கொள்கை, சட்டம், கட்டணம், மானியம் ஆகியவற்றின் விளைவாகக் காண்பது மற்றொரு பார்வை. இரண்டாவது பார்வையில் நின்று, ஒரு கருவி எப்போது, எங்கே, எவ்வளவு வரும் என்பதை விதிகள் எங்ஙனம் முடிவு செய்கின்றன என்பதை இக்கடற்கரையின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறனும் ஆற்றலும்

பொருளுக்குள் புகுமுன் இரு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். ‘திறன்’ என்பது ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் தர இயலும் என்பதைக் குறிக்கும். மெகாவாட் என்பது அதன் அளவு. ‘ஆற்றல்’ என்பது மொத்தமாக எவ்வளவு தர இயலும் என்பதைக் குறிக்கும். மெகாவாட் மணி என்பது அதன் அளவு. ஒரு தொட்டியின் குழாய் எவ்வளவு பெரியது என்பது திறன். தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளது என்பது ஆற்றல்.

250 மெகாவாட் திறனும் 500 மெகாவாட் மணி ஆற்றலும் கொண்ட நிலையம் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் மட்டுமே மின்சாரம் தரும். அதற்குப் பின் அதனை மீண்டும் நிரப்ப வேண்டும். நிரப்பிய ஆற்றல் முழுவதும் திரும்பாது. நூறு பங்கு இட்டால் எண்பத்தைந்து பங்கு அளவிற்கே திரும்பும் எனக் கணக்கிட்டே ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வோர் அரசின் அறிவிப்பைப் படித்தும் அதன் பொருளை அறியார். கலைச்சொற்களைத் தெளிவுறுத்துவது தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்று என்பதால் இதனை முதற்கண் கூறினோம்.

இக்கடற்கரையின் சேமிப்பு மரபு

சேமிப்பு என்பது தூத்துக்குடிக்குப் புதிதன்று. இங்குள்ள உப்பளங்கள் கதிரவனின் வெப்பத்தை உப்பாக மாற்றுகின்றன. வெயிற்காலத்தில் பாத்திகளில் விளைந்த உப்பை அம்பாரமாகக் குவித்துப் பனையோலை வேய்ந்து மழைக்காலத்தைக் கடத்துவது நெடுநாள் வழக்கம். விளையும் காலம் வேறு, விற்கும் காலம் வேறு. இடைவெளியை அம்பாரம் நிரப்புகிறது.

அனல்மின் நிலையத்திற்கும் இதுவே பொருந்தும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. பின்னர் அது 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக வளர்ந்தது. ஒடிசாவின் நிலக்கரி கப்பலேறி வந்து இங்கு மலையெனக் குவிக்கப்படும். அக்குவியலே ஒரு சேமிப்புக் கிடங்கு. மாலை 7 மணிக்கு மின்சாரம் வேண்டுமெனில் அப்போது எரித்துக்கொள்ளலாம். நிலக்கரியின் உண்மையான வலிமை அதன் வெப்பத்தில் இருப்பதைவிட, காத்திருக்கும் தன்மையில் இருக்கிறது எனலாம். காற்றும் கதிரொளியும் காத்திரா.

முத்துக்குளிப்பு இன்னொரு பாடத்தைத் தருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலர் முத்துப்பார்களைச் சோதித்து, சிப்பிகளின் வயதையும் எண்ணிக்கையையும் மதிப்பிட்டு, குளிப்பு உண்டா இல்லையா என்பதை அறிவிப்பர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்போருக்கும் உரியதாயிருந்தது. கடல் முத்தைத் தந்தது; ஆயினும் எப்போது எடுப்பது, யாருக்கு எவ்வளவு என்பதை விதியே வகுத்தது. 1961ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையில் அத்தகைய பெருங்குளிப்பு நிகழவில்லை. இயற்கை வளம், அரசின் அனுமதி, உழைப்போர் பங்கு என்னும் மூன்றும் சேர்ந்தே ஒரு தொழிலை அமைக்கின்றன என்பதை இதனால் அறிகிறோம்.

முதற் காற்றாலைகளும் மின்வங்கி முறையும்

நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. அதன்பின் கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களில் காற்றாலைகள் பெருகின. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இதற்கு இயற்கைக் காரணம். ஆனால் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக வீசிக்கொண்டுதான் இருந்தது. காற்றாலைகள் 1990களில் பெருகியதற்குக் கொள்கையே காரணம்.

அக்கொள்கை இரு கிளைகளாக இருந்தது. முதலாவது, காற்றாலைக்கு இட்ட முதலை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்னும் நடுவணரசின் சலுகை. இதனால் நூற்பாலை உரிமையாளர் முதலியோர் பெருமளவில் முன்வந்தனர். ஆயினும் ஆலையை நிறுவியதற்கே சலுகை கிடைத்தமையால், அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதில் சிலர் கருத்துச் செலுத்தவில்லை. உற்பத்தியான ஒவ்வோர் அலகிற்கும் ஊக்கத்தொகை தரும் திட்டம் 2009ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இரண்டாவது, தமிழ்நாடு மின்சார வாரியம் அளித்த மின்வங்கி முறை. காற்று மிகுந்த மாதங்களில் உரிமையாளர் தம் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் செலுத்திக் கணக்கில் வைத்துக்கொள்வர். ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள நிதியாண்டிற்குள், காற்றில்லாத மாதங்களில் அதே அளவைத் தம் ஆலைக்குத் திரும்பப் பெறுவர். வாரியம் அதில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும்.

இம்முறையில் உண்மையாகவே எந்த மின்சாரமும் எங்கும் சேமிக்கப்படவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. ஆடி மாதத்தில் வந்த மின்சாரம் ஆடி மாதத்திலேயே வேறொருவர் வீட்டில் விளக்காக எரிந்துவிட்டது. மாசி மாதத்தில் திரும்ப அளித்தது வேறோர் அனல்மின் நிலையத்தின் மின்சாரம். ஏட்டில் எழுதிய விதியே இங்குச் சேமக்கலனாக விளங்கியது. அதன் செலவை வாரியமும் அதன்வழியே பிற நுகர்வோரும் சுமந்தனர்.

மின்வங்கி முறையின் எல்லை

காற்றாலைகள் சிலவாக இருந்தவரை இச்சுமை பெரிதாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து, கதிரொளி மின்சாரமும் பெருகிய காலத்தில் நிலை மாறியது. வங்கிக் கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. 2018ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணை புதிய காற்றாலைகளுக்கு இச்சலுகையைச் சுருக்கியது. வழக்குகளும் எழுந்தன.

மற்றொருபுறம், மின்சாரம் மிகும்போது காற்றாலைகளையும் கதிரொளி நிலையங்களையும் குறைத்து இயக்குமாறு பணிக்கும் வழக்கமும் தொடர்ந்தது. கட்டமைப்பின் பாதுகாப்பு என்னும் காரணமின்றி, வணிகக் காரணத்திற்காகக் கதிரொளி மின்சாரத்தைக் குறைப்பது முறையன்று என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. சட்டம் ‘வீணாக்காதே’ என்றது, வைப்பதற்கோ இடமில்லை.

ஒருபுறம் நண்பகலில் மிகுதி. மறுபுறம் மாலையில் பற்றாக்குறை. 2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. மறைந்துவிட்ட கதிரவனை நம்பி மாலை விளக்கை ஏற்ற இயலாது. இந்நிலையே உண்மையான சேமக்கலனைத் தேட வைத்தது.

நீரை மேலேற்றி வைத்துப் பின் இறக்கி மின்சாரம் பெறும் முறை தமிழகத்தில் முன்னரே உண்டு. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின்நிலையம் 1987ஆம் ஆண்டு தொடங்கி இயங்கியது. ஆனால் அதற்கு மலையும் இரு நீர்த்தேக்கங்களும் வேண்டும். கட்டி முடிக்கப் பல்லாண்டுகள் ஆகும். மின்கல நிலையமோ சமவெளியில் துணைமின்நிலையத்தின் அருகிலேயே ஓரிரு ஆண்டுகளில் அமைக்கத்தக்கது.

மின்கலங்களை அழைத்துவந்த விதிகள்

மின்கலம் புதிய கண்டுபிடிப்பன்று. தில்லி ரோகிணியில் 10 மெகாவாட் திறனுள்ள நிலையம் 2019ஆம் ஆண்டே அமைந்தது. எனினும் நாடெங்கும் அது பரவாமைக்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, சட்டத்தில் அதற்குப் பெயரில்லை. சேமிப்பு நிலையம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதா, நுகர்வதா, கடத்துவதா? எதுவெனத் தெரியாதவரை உரிமமும் கட்டணமும் குழப்பமாகவே இருந்தன. நடுவணரசு 2022ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தி, சேமிப்பு நிலையத்தை மின்னமைப்பின் ஓர் உறுப்பாக ஏற்று, தனித்தும் பிறவற்றோடு சேர்ந்தும் அதனை அமைக்கலாம் என்றது.

இரண்டாவது, வாங்குவார் இல்லை. 2022ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த ஆணை, மின்வழங்கு நிறுவனங்கள் தம் நுகர்வில் ஒரு பங்கைச் சேமிப்பின் வழியே பெற வேண்டும் என்றது. 2023-24இல் நூற்றுக்கு 1 எனத் தொடங்கி 2029-30இல் நூற்றுக்கு 4 ஆக உயர வேண்டும் என்பது அதன் இலக்கு.

மூன்றாவது, விலை. 2022ஆம் ஆண்டு இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில், இரண்டு மணி நேரச் சேமிப்பிற்கு ஒரு மெகாவாட்டிற்கு மாதம் 10 இலட்சத்து 84 ஆயிரம் ரூபாய் என்பதே தாழ்ந்த விலை. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை இடைவெளி நிரப்பும் நிதியுதவித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூலதனச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு வரை அரசு தரும்; அமையும் சேமிப்பில் நூற்றுக்கு 85 பங்கேனும் மின்வழங்கு நிறுவனங்களுக்கு உரியதாக வேண்டும். 4,000 மெகாவாட் மணி எனக் குறித்த இத்திட்டம், மின்கல விலை வீழ்ந்தமையால், அதே 3,760 கோடி ரூபாயில் 13,220 மெகாவாட் மணியாக விரிந்தது. உலகச் சந்தையின் விலைவீழ்ச்சியும் இந்நிதியுதவியும் கூடியதால், 2024ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஏலத்தில் மாத வாடகை ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரை இறங்கியது.

2025ஆம் ஆண்டு மின்னமைப்பு மேம்பாட்டு நிதியிலிருந்து 5,400 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு மெகாவாட் மணிக்கு 18 இலட்சம் ரூபாய் வீதம் 30,000 மெகாவாட் மணிக்கு உதவும் இரண்டாம் திட்டம் வந்தது. பெயர், வாங்குவார், விலை என்னும் மூன்று தடைகளும் நீங்கிய பின்னரே கருவி ஊரை அடைந்தது என்பது இவ்வரிசையால் விளங்கும்.

பிறநாட்டுப் படிப்பினை

கொள்கை நன்றாயின் கருவி பயன்தரும். தவறாயின் கருவி வந்தும் பயனின்றிக் கிடக்கும். இதற்குப் பிறநாடுகள் சான்று பகர்கின்றன.

ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலம் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் புயலால் முழுதும் இருண்டது. அடுத்த ஆண்டே ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாட் நிலையம் எழுந்தது. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை நொடிப்பொழுதில் சீர்செய்யும் பணிக்கு அங்கே தனிச் சந்தை இருந்தமையால் அது வருவாயும் ஈட்டியது. கலிபோர்னியா 2010ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, 2013ஆம் ஆண்டு 1,325 மெகாவாட் என இலக்குக் குறித்தது. 2024ஆம் ஆண்டில் அங்குள்ள சேமிப்புத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

சீனாவிலோ பல மாநிலங்கள் புதிய காற்றாலை, கதிரொளி நிலையம் ஒவ்வொன்றும் மின்கலம் வைத்தே ஆக வேண்டும் என வற்புறுத்தின. அனுமதி பெறுவதற்கென மலிவான கலங்களை வைத்தவர் பலர். அவற்றுட் பல உரியவாறு இயக்கப்படவில்லை. அவ்வற்புறுத்தலை 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவணரசு நீக்கியது. நிறுவியதற்குப் பரிசு தந்து இயக்கியதற்குப் பரிசு தராத விதி, 1990களில் நம் காற்றாலைகளில் விளைத்த அதே குறையை அங்கும் விளைத்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஒட்டப்பிடாரமும் கயத்தாறும்

தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் நடத்திய ஏலத்தின் வழி, 2025ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரம், கயத்தாறு, விருதுநகர் மாவட்டத்து அனுப்பன்குளம் ஆகிய மூன்றிடங்களில் மொத்தம் 250 மெகாவாட், 500 மெகாவாட் மணி கொண்ட சேமிப்பு நிலையங்களை அமைக்கும் பணி, நெய்வேலி என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் துணை நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. மேற்கூறிய இரண்டாம் நிதியுதவித் திட்டமே இதற்கு அடிப்படை. 2015ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்தைக் கூட்டு நிறுவனமாக நடத்திவருவதும் என்.எல்.சி.யே. நிலக்கரியை எரித்த நிறுவனமே மின்கலம் வைக்க வருகிறதெனில், மாறியது நிறுவனத்தின் மனமன்று, விதியே எனலாம்.

ஒட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1906ஆம் ஆண்டு அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணைநின்றார். கப்பல் இருந்தது, பயணிகள் இருந்தனர், துணிந்து முதலிட்டோரும் இருந்தனர். எனினும் ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் கட்டணக் குறைப்பும் ஆட்சியாளரின் அடக்குமுறையும் அம்முயற்சியை வீழ்த்தின. கருவியும் முதலும் இருந்தும் விதி பகையாயின் முயற்சி நில்லாது என்பதற்கு இக்கடற்கரையே சான்று.

நாம் கேட்க வேண்டிய வினாக்கள்

இத்திட்டத்தை வரவேற்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஊரார் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள.

ஒன்று, அளவு. 250 மெகாவாட் என்பது மாநிலத்தின் உச்சத்தேவையில் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதி. அதுவும் இரண்டு மணி நேரத்திற்கே. மின்வங்கி முறை ஆடிக்காற்றை மாசி மாதத்திற்குக் கொண்டுசென்றது. இரண்டு மணி நேர மின்கலம் நண்பகலை மாலைக்கு மட்டுமே கொண்டுசெல்லும். ஆகவே மின்கலம் வந்துவிட்டது என்பதைக் காட்டிப் பருவகாலச் சேமிப்பை மறத்தலாகாது. அதற்கு நீரேற்று நிலையங்களும் மிகுந்த மின்சாரத்தைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களும் வேண்டும்.

இரண்டு, இடமும் காப்பும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, மாவட்டமே வெள்ளக்காடானது. அவ்வெள்ளத்தின் மட்டத்தை அறிந்தே நிலையத்தின் தரைமட்டம் உயர வேண்டும். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் நிலையம் 2025ஆம் ஆண்டு சனவரியில் தீப்பற்றியபோது சுற்றுப்புற மக்கள் வெளியேற்றப்பட்டனர். அங்கே மின்கலங்கள் ஒரே கட்டடத்துள் அடுக்கப்பட்டிருந்தன. தனித்தனிக் கொள்கலன்களில் போதிய இடைவெளியோடு வைப்பதும், எளிதில் தீப்பற்றாத இரும்பு பாஸ்பேட் வகைக் கலங்களைத் தேர்வதும், உள்ளூர்த் தீயணைப்பு வீரர்க்குப் பயிற்சி அளிப்பதும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

மூன்று, கழிவு. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்முடிந்த கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு பல்லாண்டுகள் வாழ்ந்த மக்கள், அடுத்த தலைமுறைக்கு இன்னொரு குவியலை விட்டுச்செல்லலாகாது.

நான்கு, உழைப்பின் பங்கு. முத்துக்குளிப்பில் மூழ்கியவர்க்கு மூன்றில் ஒரு பங்கு என வரையறை இருந்தது. மின்கல நிலையத்தில் வேலை குறைவு. ஆயினும் நிறுவுதல், பராமரித்தல், அளவிடுதல் ஆகியவற்றில் பயிற்சி பெற்ற இளைஞர் தேவைப்படுவர். 1948இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் கால்கொண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கழகம் மின்கல ஆய்வில் பெயர்பெற்றது. உப்புக்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராயும் அதன் நிலையம் ஒன்று தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலேயே உள்ளது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் இத்தகைய நிறுவனங்களோடு கைகோத்தல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: தூத்துக்குடிக் கரையில் காற்றும் வெயிலும் என்றும் குறைவுற்றதில்லை. அவற்றை மின்சாரமாக்கியது வரிச்சலுகை. அம்மின்சாரத்தை ஏட்டளவில் சேமித்தது மின்வங்கி விதி. அவ்விதியின் சுமை பெருகியபோது உண்மையான சேமக்கலனை அழைத்தவை 2022 முதல் வந்த ஆணைகளும் நிதியுதவிகளும். எந்த விதியும் செலவை அழிப்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றுகிறது. அது யார் தோள் என்பதைக் கேட்டறிவதே குடிமக்களின் பொறுப்பு.

ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணைக்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கிறது. அக்கூட்டங்களில் ஆலை உரிமையாளரும் வழக்கறிஞரும் பேசுகின்றனர். உப்பளத் தொழிலாளியும் மீனவரும் மாணவரும் பேசுவது அரிது. திறன் எது, ஆற்றல் எது எனத் தெரிந்து, மாலை விளக்கின் விலையைக் கணக்கிட அறிந்து, தம் ஊரின் வெள்ள மட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வல்ல மாணவர் இக்கரையிலிருந்து அங்குச் செல்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவுறும்.